தையலும் தலையணையும்

அலுவலகத்தில் அவருக்குச் சிமெண்டு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்வது அவர் வேலை. அந்த வேலைக்கு முகம் ஓர் இடைஞ்சல். சோதிக்கிறவர் லேசாகப் புருவத்தைத் தூக்கினால் போதும், ஓட்டுகிறவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வளைத்துவிடுவார். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நம்மவர் முகத்தைப் பூட்டிச் சாவியை எங்கோ போட்டுவிட்டார். ஒரு தடவை ஓர் அம்மாள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, அலுவலகச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு வண்டியோடு உள்ளே போய்விட்டார். புழுதி அடங்கும்வரை நம்மவர் காத்திருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இப்போது வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டு வரலாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்த அந்த அம்மாள், தான் பாஸாகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மறுநாள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

அலுவலகத்தில் பூட்டிய முகம் வீட்டுக்கு வந்தால் திறக்க வேண்டும் அல்லவா? திறக்கவில்லை. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்ததில் துருப்பிடித்துவிட்டது. கல்யாணப் புகைப்படத்திலேயே அவர் யாரையோ ஃபெயிலாக்கிவிட்டு வந்தவர் மாதிரிதான் நிற்கிறார்.

வாய்த்த மனைவியோ நேர் எதிர். மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுத்துப் பேசுகிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தனை பேரையும் அப்படியே நடித்துக் காட்டுவாள். பேசிக்கொண்டே பல் செட்டைக் கழற்றுகிற பெரியவர், புருஷனைத் திட்டிக்கொண்டே டிரான்ஸ்பார்மரையும் திட்டுகிற பெண்மணி, இன்றைக்கு முழுக்க கரண்ட் போகவே இல்லையே, ஏதாவது பிரச்சனையா என்று அக்கறையாக விசாரிக்கிற வாத்தியார் என்று ஒரு கூட்டமே அவள் தொண்டைக்குள் குடியிருந்தது. இந்தத் தம்பதிக்கு ஒரே பெண், ஏழு வயசு, உருவத்துக்கும் வாய்க்கும் பொருத்தமாகக் கடுகு என்று கூப்பிடுவார்கள். அம்மா நடிக்க ஆரம்பித்தால் கடுகு விழுந்து விழுந்து சிரிப்பாள். கட்டிலிலிருந்து நிஜமாகவே விழுந்தும் இருக்கிறாள்.

நம்மவருக்கும் நகைச்சுவையில் ஆசை உண்டு. இதுதான் அவருடைய ரகசியக் குறை. பத்திரிகையில் படித்த ஜோக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார். சாப்பாட்டு மேஜையில் தொண்டையைக் கனைத்து, "ஒரு நகைச்சுவை" என்று முன்னறிவிப்புக் கொடுப்பார். சொல்லி முடித்ததும், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே என்று விளக்கமும் சொல்வார். மனைவி, சிரிச்சாச்சு, சாப்பிடுங்க என்பாள். கடுகு அப்படிக்கூடச் சொல்ல மாட்டாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு, மேற்கொண்டு ஏதோ வரப்போகிறது என்று நம்பிக் கேட்பாள்.

"அப்புறம்?"

அந்த ஒரு வார்த்தை அவரை எத்தனை நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். உலகம் முழுக்கத் தன்னைக் கல்லுளிமங்கன் என்று சொல்லிக்கொள்ளட்டும், அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பெற்ற பெண் தன்னால் ஒரே ஒரு தடவை சிரிக்க வேண்டும். அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் கடுகுக்கு வயிற்று வலி வந்தது. முதலில் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் போடுகிற வழக்கமான வலி என்று நினைத்தார்கள். ஆனால் அம்மா புகார்க்காரப் பெரியவர் மாதிரி பேசிக் காட்டியும் குழந்தை சிரிக்காமல் சுருண்டு படுத்தபோது, இது அந்த வலி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே அறுத்து எடுத்துவிட்டார்கள். வலப்பக்கம் அடிவயிற்றில் ஒரு கோடு, அதன் குறுக்கே கறுப்பு நூல் முடிச்சுகள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நம்மவரின் முகம் அசையவில்லை. கால்கள்தான் மடங்கின. நர்ஸ் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டதால் தரையில் விழாமல் தப்பித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். காயத்தில் ஈரம் படக் கூடாது, பட்டால் கட்டை உடனே மாற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொடக் கூடாது. சிவந்தாலோ வீங்கினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே வர வேண்டும். ஓட்டம், குதியாட்டம் வேண்டாம். இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் தையல் இழுத்து வலிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சாதாரண மனிதர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். நம்மவர் விதிகளோடு வாழ்கிறவர். டாக்ஸியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இருமலும் தும்மலும் தானாக வருகிறவை, அவற்றைத் தடுக்க முடியாது, அவற்றுக்குத் தலையணை சரி. ஆனால் சிரிப்பு தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் அதை வரவழைக்கிறார். அந்த யாரோ ஒருவரைத் தடுக்க முடியும். வீட்டு வாசலில் இறங்கும்போது சட்டம் தயாராக இருந்தது. தையல் பிரிக்கும்வரை இந்த வீட்டில் யாரும் கடுகைச் சிரிக்க வைக்கக் கூடாது.

டாக்டர் அப்படியா சொன்னார் என்று மனைவி இழுத்தாள். தையல் தெறித்துவிட்டால் நீ பொறுப்பா என்று அவர் கேட்டார். தெறிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் வாயைப் பொத்தியதோடு பிரச்சனை தீர்ந்துவிடவில்லை. அவள் கதவருகில் வந்து சும்மா நின்றாலே கடுகின் உதடு துடித்தது. எதுவும் சொல்லாமல் மாத்திரையை நீட்டினால், அம்மா எதுவும் சொல்லாமல் நீட்டுவதே அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அதனால் அம்மாவுக்கு அந்த அறைக்குள் நுழையத் தடை போடப்பட்டது. தொலைக்காட்சி அணைக்கப்பட்டது. சித்திரக் கதைப் புத்தகங்கள் அலமாரிக்கு மேலே போயின. மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஊரில் நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் தன்னைக் கூப்பிடாமலே போய்ச் சிரிக்க வைக்கிறவன், ஒரு பை நிறையப் பழங்களோடு அக்கா மகளைப் பார்க்க வந்தான். நம்மவர் பழங்களை வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே நின்று காதை மட்டும் ஆட்டிக் காட்டினான். அவசரமாகத் திரைச்சீலை இழுக்கப்பட்டது. வீடு துக்க வீடு மாதிரி ஆயிற்று.

மனைவி எடுத்த விடுப்பு முடிந்து அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. பகலில் யார் கடுகோடு இருப்பது என்ற கேள்விக்கு அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீங்களே இருங்க. உங்ககிட்ட இருந்தா அவளுக்கு ஒரு ஆபத்தும் வராது."

கேலியாகச் சொல்லவில்லை, அசல் நிம்மதியோடுதான் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் உண்மையை எப்படி மறுப்பது? சரி என்று விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

வேலையை அவர் செவ்வனே செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. அறைக்குள் வரும் ஒவ்வொரு தடவையும் முழங்கைவரை சோப்புப் போட்டார். வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டிலைவிட்டு எழுந்திருப்பதை மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரி கற்றுக்கொடுத்தார். முதலில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பிறகு ஒருக்களிக்க வேண்டும். கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, நிதானமாக எழ வேண்டும். வயிற்றால் எம்பினால் ஃபெயில். கடுகு பயபக்தியோடு செய்தாள். திரும்பும்போது ஹாரன் அடிக்க வேண்டுமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிப் பகுதியில் ஹாரன் கூடாது என்றார். அவளும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். இரண்டு பேருமே விளையாடவில்லை, அதுதான் கொடுமை.

மத்தியானம் ஆனதும் போரடிக்கிறது என்று முனகினாள். நம்மவர் கதவைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார். தான் ஒரு ஜோக் சொன்னால் சட்டத்தை மீறியதாகுமா என்று யோசித்தார். மனைவி அந்தக் கேள்விக்குக் காலையிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். விளக்கத்தையும் சொன்னார். கடுகு ஆவலோடு நிமிர்ந்தாள்.

"அப்புறம்?"

அப்புறம் பால் குடிக்கிற நேரம் வந்துவிட்டது. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் மூடியை எடுக்கத் திரும்பினார். படுத்தவாறே குடிக்க முடியுமா என்று கடுகு ஒரு பரிசோதனை நடத்தினாள். முடியாது என்பது உடனே தெரிந்துவிட்டது. பால் கழுத்து வழியாக இறங்கி, கவுனை நனைத்து, வயிற்றில் இருந்த கட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஈரம் பட்டால் கட்டை உடனே மாற்ற வேண்டும். டாக்டர் சொன்னது அவர் காதில் ஒலித்தது. கையைக் கழுவினார், புதுத் துணிக்கட்டையும் பிளாஸ்திரிச் சுருளையும் கத்தரிக்கோலையும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். தட்டைப் பார்த்ததும் கடுகு இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றியிருந்த ஊசியை எடுக்கும்போது யாரோ அவசரத்தில் பிளாஸ்திரியைப் பர்ரென்று பிய்த்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையைக்கூட அவள் மன்னித்துவிட்டாள், அந்தப் பிளாஸ்திரியை மன்னிக்கவில்லை.

நம்மவர் எடுத்துச் சொன்னார். ஈரக் கட்டு இருந்தால் கிருமி வரும் என்றார். மெதுவாக எடுப்பதாகச் சத்தியம் செய்தார். சாயங்காலம் அம்மா எடுக்கட்டும் என்று கடுகு பேரம் பேசினாள். அம்மா வர இன்னும் நெடுநேரம் ஆகும், அதுவரை காயம் பாலில் ஊறக் கூடாது. கையை விலக்கப் பார்த்தால் அவள் உடம்பை முறுக்கினாள். முறுக்கினால் தையல் இழுக்கும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. கடுகின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அழுதாலும் வயிறு குலுங்குமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த நெருக்கடியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தன்னிடம் ஒரு திறமை உண்டு, ஊரறிந்த திறமை. சுவர் இடிந்தபோதும் அசையாத முகம். குழந்தைக்குப் பயம் போக வேண்டும் என்றால் பயமில்லாத முகம் ஒன்றைக் காட்டினால் போதாதா?

"இங்க பாரு. அப்பா வயித்துல ஒட்டிக்கிறேன். எடுத்துக் காட்டுறேன். எனக்கு வலிச்சா உனக்கு எடுக்க வேண்டாம். சரியா?"

கடுகு யோசித்தாள். நியாயமான ஒப்பந்தம்தான் என்று பட்டது. தலையாட்டினாள்.

நம்மவர் சட்டையைக் கழற்றினார். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் கிடையாது. மகளுக்கு இருக்கிற அதே இடத்தில், வலப்பக்கம் அடிவயிற்றில், அதே அளவில் துணிக்கட்டை வைத்து, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை பிளாஸ்திரி ஒட்டி, நன்றாகப் பிடிக்கட்டும் என்று உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம்தான், அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கடுகின் வயிறு கண்ணாடி மாதிரி இருக்கும். நம்மவரின் வயிறு கரடிக்குத் தூரத்துச் சொந்தம்.

அவர் நேராக நின்றார். முகத்தைப் பூட்டினார். மேல் பட்டையின் நுனியைப் பிடித்து, சத்தியம் செய்தபடி மெதுவாக இழுக்க ஆரம்பித்தார்.

வேகமாக இழுத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். மெதுவாக இழுத்ததால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக விடைபெற்றுக்கொண்டு கிளம்பியது. கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் முகம் நின்றது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கன்னம் அசையவில்லை. உதடு அசையவில்லை. இடது புருவம் மட்டும், பல வருஷம் கழித்து, அவரைக் கேட்காமலே ஏறத் தொடங்கியது. நெற்றியில் பாதி தூரம் ஏறி அங்கேயே நின்றுகொண்டது. வலக்கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி மீசையில் தங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"வலிக்கல," என்றார். அது அவர் குரலே இல்லை. எங்கோ மாடியிலிருந்து ஒரு சின்னப் பையன் சொன்ன மாதிரி இருந்தது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. க்ளுக் என்று, தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்த மாதிரி. கடுகு அழுகிறாள் என்று நினைத்தார். பதறிப்போய் மிச்சப் பட்டையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, "வலிக்கவே இல்ல" என்று இன்னும் ஒரு படி உயர்ந்த குரலில் சொல்லிக்கொண்டு ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

கடுகு சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிக்கிற சிரிப்புகூட இல்லை அது. மூச்சு வாங்கி, குரல் போய், சத்தமே வராமல், கண்ணீர் மட்டும் வழிய, வயிறு குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு. பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து வயிற்றோடு கட்டிக்கொண்டு சிரித்தாள். ஒரு கணம் அவருக்கு எதுவுமே புரியவில்லை. நெஞ்சு முழுக்க ஏதோ இனிப்பாகப் பரவியது. அடுத்த கணம் சட்டம் நினைவுக்கு வந்தது.

சிரிக்காதே என்றார். தையல் தெறித்துவிடும் என்றார். தேர்வு மைதானத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதே குரலில், வெற்றுடம்போடு, புருவம் நெற்றியில் நிற்க, கையில் முடி ஒட்டிய பிளாஸ்திரியும் அதோடு கழன்று வந்த துணிக்கட்டும் தொங்க அவர் உத்தரவு போட்டதும், கடுகு தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கக் கூடாது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கூடியது. கடைசியில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகைப் பார்த்தும் சிரித்தாள்.

ஒருவழியாக அடங்கி, அவள் தலையணையை விலக்கியபோது, பாலில் ஊறித் தளர்ந்திருந்த அவளுடைய கட்டு தானாகவே நழுவி விரிப்பில் கிடந்தது. பிளாஸ்திரி எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நம்மவர் கையிலிருந்ததும் களேபரத்தில் அங்கேயேதான் விழுந்திருந்தது. கலங்கிய கண்ணோடு, கண்ணாடி இல்லாமல் அவர் குனிந்து பார்த்தார். ஒரு கட்டின் ஓரத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

ரத்தம்.

காயத்தின் மேல் இன்னொரு புதுத் துணிக்கட்டை மெல்ல வைத்து மூடினார், அந்த மட்டும் கை தப்புச் செய்யவில்லை. ரத்தம் பட்ட கட்டை ஒரு சுத்தமான டப்பாவில் போட்டு மூடினார். இன்னொன்றைக் குப்பையில் எறிந்தார். சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டே மனைவிக்குத் தொலைபேசினார். வேலை நேரத்தில் அவளுடைய கைபேசி பூட்டிய அலமாரியில் இருக்கும் என்பது நினைவுக்கு வந்து, ஊரார் கூப்பிடுகிற புகார் எண்ணையே அழைத்தார். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு ஓடியது. பாட்டு முடிந்து அவளே எடுத்தாள்.

"மின்சாரப் புகார் பிரிவு, சொல்லுங்க."

"சிரிச்சுட்டா."

"எந்தத் தெரு சார்?"

"நான்தான். நம்ம கடுகு சிரிச்சுட்டா. ரத்தம் வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவள் குரல் மாறிவிட்டது. "யாரு சிரிக்க வச்சது? என் தம்பி வந்தானா?"

"இல்ல. நான்."

அவள் நம்பவில்லை.

"ஏங்க, இதுல விளையாடாதீங்க. உண்மையச் சொல்லுங்க, யாரு வந்தது?"

டாக்ஸியில் கடுகை மடியில் சாய்த்துக்கொண்டு போனார். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரித்தார். ஓட்டுநர் கண்ணாடியில் அவரை அடையாளம் கண்டுகொண்டு, சிமெண்டு சாரா என்று நடுங்கி, வழியெல்லாம் கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி ஊர்ந்தார். நம்மவருக்கு மனசு இரண்டாகப் பிளந்து கிடந்தது. என்னால் குழந்தையின் தையல் பிரிந்துவிட்டதே, திரும்ப ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய் ஊசி போடுவார்களே என்று நினைத்து நினைத்து மருகினார். அந்த மருகலுக்கு நடுவிலேயே, வெட்கம் இல்லாமல், அவள் சிரித்த சத்தம் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. இப்படி ஒரு நேரத்தில் சந்தோஷப்படுகிறவன் தகப்பனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிய பிறகும் அது கேட்டது. கடுகோ அவர் முகத்தை அண்ணாந்து பார்ப்பதும், இடது புருவத்தில் கண்ணை வைப்பதும், அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதுமாக வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற அறைக்கு அவர்கள் போய்ச் சேரவும், மனைவி மூச்சிரைக்க ஓடி வரவும் சரியாக இருந்தது. டாக்டர் அம்மா துணிக்கட்டை நீக்கி, விளக்கை இழுத்து, காயத்தை உற்றுப் பார்த்தார். சுற்றிலும் மெல்ல அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்குக் கடுகு இல்லை என்றாள்.

தையல் ஒன்றும் பிரியவில்லை, காயம் அழகாகக் காய்ந்துகொண்டு வருகிறது, எதற்கு ஓடி வந்தீர்கள் என்றார் டாக்டர். நம்மவர் டப்பாவை நீட்டினார். டாக்டர் இடுக்கியால் கட்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு கடுகின் வயிற்றைப் பார்த்தார். மறுபடியும் கட்டைப் பார்த்தார்.

"சார், உங்க பொண்ணு வயித்துல இவ்வளவு முடியா?"

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. வேறு வழியில்லாமல் அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு தன்னுடையதுதான், நீங்கள் சிரிக்கக் கூடாது என்று அத்தனை சொல்லியும் நான் சிரிக்க வைத்துவிட்டேன் என்று முடித்தார்.

"நான் எப்ப சொன்னேன் சிரிக்கக் கூடாதுன்னு?" என்றார் டாக்டர். "சிரிச்சா வலிக்கும், தலையணை பிடிச்சுக்கச் சொல்லுங்கன்னுதானே சொன்னேன். தலையணை பிடிச்சுக்கிட்டாளா?"

பிடித்துக்கொண்டாள் என்றார்.

"அப்புறம் என்ன? நல்லாச் சிரிக்கட்டும்."

மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். அணைந்து கிடந்த தொலைக்காட்சி, ஜன்னல் திரைச்சீலை, வாசலோடு போன தம்பி, பெற்ற பிள்ளையின் அறைக்குள் நுழைய முடியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்த தான் என்று அத்தனையும் அவள் கண்ணில் ஒரு வரிசையாக வந்து நின்றன. வீட்டுக்குப் போனால் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு. மகளிடம் போய்க் குனிந்து, ரகசியம் மாதிரி கேட்டாள்.

"நெஜமாவே அப்பாவா?"

கடுகுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மனைவி நிமிர்ந்து, கல்யாணமான இத்தனை வருஷத்தில் பார்க்காத ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரி புருஷனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. நான் ஒருத்தி ஆபீஸ்ல உட்கார்ந்து அதைப் பார்க்காமல் போயிட்டேனே என்றாள்.

இதற்குள் டாக்டர், உங்கள் வயிற்றையும் காட்டுங்கள், ரத்தம் வந்த இடத்தில் மருந்து போட வேண்டும் என்றார். நம்மவர் கூச்சத்தோடு சட்டையைத் தூக்கினார். மேல் பட்டை இருந்த இடம் உரித்த கிழங்கு மாதிரி சிவந்து வழுக்கையாக இருந்தது. அதற்குக் கீழே, ஓட்டத்தில் அவரே மறந்துபோன கீழ்ப் பட்டை, ஒரு முனை முதல் மறு முனை வரை கெட்டியாக ஒட்டிக்கொண்டு இருந்தது.

நர்ஸ் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் கொண்டு வந்தாள். ஓரத்தை நனைத்து ஊறவிட்டு எடுத்தால் துளிகூட வலிக்காது சார், எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கும் என்றாள். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொன்னேனே, நீங்கள்தான் ஏதோ யோசனையில் இருந்தீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கடுகு இதைக் கேட்டாள். கட்டிலில் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருக்களித்தாள். கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, வயிற்றால் எம்பாமல், நிதானமாக எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரித் தலையணையை எடுத்து வயிற்றோடு வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் ரெடிப்பா," என்றாள்.

நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். நம்மவர் அவள் கையை நாசூக்காகத் தடுத்தார். நேராக நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

"தண்ணி வேண்டாம் சிஸ்டர்," என்றார். "அப்படியே எடுங்க. மெதுவா."